பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நொறுக்குத்தீனி: கேட்கும் முறை, பகிரும் முறை

லண்டனில் 'சிப்ஸ்' கேட்டால் தடித்த, சூடான உருளைக்கிழங்கு வறுவல்தான் வரும். பாக்கெட்டில் வரும் மெல்லிய வறுவலுக்கு 'கிரிஸ்ப்ஸ்' என்று கேளுங்கள். அமெரிக்காவில் அந்தப் பாக்கெட்தான் சிப்ஸ், சூடானது ஃப்ரைஸ்.

பலரும் ஏமாறுவது பிஸ்கெட்டில். அமெரிக்காவில் பிஸ்கெட் என்றால் உப்பிய, மெத்தென்ற ரொட்டி. தென்மாநிலங்களில் கிரேவி ஊற்றித் தருவார்கள். இனிப்பாகக் கடிக்க 'குக்கீ' கேளுங்கள். பிரிட்டனில் பிஸ்கெட்டை டீயில் ஓரிரு நொடி மட்டும் நனையுங்கள். மீறினால், மாவைப் பிடித்திருக்கும் சர்க்கரை கரைந்து பாதி கோப்பைக்குள் விழுந்துவிடும்.

பிரிட்டிஷ் பப்பில் கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டின் மேல்வாயை மட்டும் கிழிக்காதீர்கள். பின்பக்க ஒட்டுவழியே நீளவாக்கில் பிரித்து, மேசை நடுவே விரித்து வையுங்கள். அது எல்லோருக்கும் பொது. நண்பர் உங்களுக்கும் சேர்த்துப் பானம் வாங்கினால் அடுத்த சுற்று உங்களுடையது. இதில் நழுவுவதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். கவுன்டரில் டிப்ஸ் தேவையில்லை.

அமெரிக்காவில் பரிமாறுபவருக்கு பில்லில் 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். அங்கே டிப்ஸ் வாங்குவோருக்கு முதலாளி தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான்.