சர்க்கரை நோயில் புரதம்: எங்கே பிசகுகிறது?

உடல்பருமன் உள்ளவர்களின் ரத்தத்தில் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுக்கற்கள்) கூடுதலாக இருப்பது 1969-லேயே தெரிந்த சங்கதி. இவற்றோடு டைரோசினும் பினைல்அலனினும் உயர்ந்திருப்பவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2011-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு காட்டியது. நோய் வருவதற்கு 12 ஆண்டுகள் முன்பு எடுத்த ரத்தத்திலேயே அந்த உயர்வு இருந்தது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் முட்டையையும் பருப்பையும் நிறுத்துகிறார்கள். தவறு. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, இந்த மூன்றையும் எரிக்கும் நொதி கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் மந்தமாகிவிடுகிறது. எரியாதது ரத்தத்தில் தேங்குகிறது. தட்டில் விழுந்த பருப்பின் மேல் மட்டும் பழி போட முடியாது.

இதற்கு நேரெதிராக, அதே மூன்றையும் ‘பிசிஏஏ’ பொடியாகக் காசு கொடுத்து வாங்குவோரும் உண்டு. தசை வளர, உணவில்தான் கிடைக்கும் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் வேண்டும். மூன்றை மட்டும் கொட்டினால் மீதி ஆறு, இருக்கிற தசையைக் கரைத்துத்தான் வர வேண்டும். வீண் செலவு.

உண்மையான சிக்கல் அளவில்தான். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். நான்கு இட்லியில் சுமார் 8 கிராம்தான். ஒரு கரண்டி சாம்பாரில் 2 கிராம் தேறினால் அதிகம். ‘சாம்பார் ஊற்றிக்கொண்டேனே’ என்பது கணக்கில் நிற்காது. இரண்டு இட்லியைக் குறைத்து ஒரு முட்டை (6 கிராம்) வைக்கலாம். அல்லது 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் வரை கிடைக்கும். அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயறு ஈடுகட்டும், பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி. ஆனால் சோற்றைக் குறைக்காமல் அதன் மேல் சுண்டலைச் சேர்த்தால் எடைதான் ஏறும்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். 2015-இல் நியூயார்க்கில் 11 நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வில், காய்கறியும் கோழியும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டியும் பழச்சாறும் என்று கொடுத்தபோது, வரிசையை மாற்றிக் கொடுத்ததைவிட ஒரு மணி நேரச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைந்திருந்தது. பொரியலையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போக ஒரு பைசா செலவில்லை.

புரதப் பொடி தொடங்கும் முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்திருக்க வேண்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் (டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில்) கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்துவார்கள். பயந்து தானாகவே அதற்கும் கீழே குறைத்தால் தசை கரையும்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்க்கும்போது கடலையோ முட்டையோ கொடுப்பதுதான் ஆபத்தான தவறு. இரண்டாம் வகை நோயில் புரதம் இன்சுலின் சுரப்பைத் தூண்டும். சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சீனி வேகமாக உடையாது; குளுக்கோஸ் பொடியே வேண்டும்.