லாஸ் வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யன்: ஒருநாள் சுற்றுலாவுக்கு ஆயத்தமாவது எப்படி?

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து செல்லும் பெற்றோர் பலரின் பயணத் திட்டத்தில் லாஸ் வேகஸும் கிராண்ட் கேன்யனும் இடம்பெறுகின்றன. வழிகாட்டியுடன் பேருந்தில் ஒரே நாளில் போய்வர முடியும் என்பது உண்மை. ஆனால் ‘கிராண்ட் கேன்யன் டூர்’ என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே இடத்துக்குச் செல்வதில்லை என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பா, மேற்கு விளிம்பா என்று கேட்டுவிட வேண்டும்.

1919இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருப்பது சவுத் ரிம் எனப்படும் தெற்கு விளிம்பு. லாஸ் வேகஸிலிருந்து அது ஏறத்தாழ 450 கி.மீ.; ஒரு வழிக்கே நான்கரை மணி நேரம் ஆகும். மேற்கு விளிம்போ பூங்காவுக்கு வெளியே, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில், பாதிக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது. 2007இல் திறக்கப்பட்ட கண்ணாடி நடைமேடை அங்கேதான் உள்ளது. முதுகுவலியோ முழங்கால் வலியோ உள்ளவர்களுக்கு மேற்கு விளிம்பே போதும். நெடுநேரம் உட்கார்ந்து வரக்கூடியவர்கள் தெற்கு விளிம்பையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, விளிம்பில் எத்தனை மணி நேரம் நிற்கவிடுவார்கள் என்பதே முக்கியம். அது மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் வேறு நிறுவனத்தைப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டுப் பயணிக்குரிய நுழைவுக் கட்டணமும் மதிய உணவும் விலைக்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே குறிப்பிட வேண்டும். கையில் கொண்டுபோவதானால் தயிர்சாதத்தைவிடப் புளியோதரை தாங்கும்.

கிடைக்கும் நேரத்தைப் புகைப்படங்களிலேயே கரைத்துவிடாமல், தெற்கு விளிம்பில் உள்ள மேத்தர் பாயிண்ட் காட்சிமுனையிலிருந்து யாவபை நிலவியல் அருங்காட்சியகம் வரை ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடந்து பாருங்கள். பெரும்பாலும் சமதளமான பாதைதான். அருங்காட்சியகச் சன்னல் வழியே, மேலே சுமார் 27 கோடி ஆண்டுப் பழைமையுள்ள சுண்ணாம்புப் பாறையையும், அடியில் சுமார் 170 கோடி ஆண்டுப் பழைமையுள்ள கரும்பாறையையும் விளக்கக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து தொடரும் காலப்பாதையில் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கிறது. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைகளை மட்டும் ஒருநாள் பயணிகள் தவிர்க்க வேண்டும். இறங்கியதைப் போல இரு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஆகும், பேருந்து காத்திராது.

பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டையோடு கிளம்பிவிடக் கூடாது. தெற்கு விளிம்பின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். குளிர்காலத்தில் பனி பொழியும். வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், சென்னையில் பழகிய உடலுக்கு நீரிழப்பு தெரியவே தெரியாது. எனவே தாகம் எடுக்காவிட்டாலும் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். பூங்காவில் நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கின்றன. பாட்டிலை நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, கடிகாரம். பூங்கா இருக்கும் அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதியில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேர மாற்றம் இல்லை; ஆகவே கோடையில் லாஸ் வேகஸ் நேரத்தோடு ஒத்திருக்கும் பூங்கா நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முந்தியிருக்கும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. பேருந்துக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை வழிகாட்டி சொல்லும்போது, அது எந்த மாநிலத்தின் நேரம் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.