குழந்தைக்குக் காது குத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஒரு வீட்டில் காதுகுத்து என்று பேச்செடுத்தால், முதலில் முடிவாவது நாளும் இடமும் பந்தியும், தாய்மாமன் கொண்டுவரும் சீரும்தான். குன்றக்குடியா, பிள்ளையார்பட்டியா, குலதெய்வக் கோயிலா என்று பேசி முடித்து, பத்திரிகை அச்சடித்து, சமையலுக்கு முன்பணமும் கொடுத்தான பிறகுதான், குழந்தைக்கு அந்த வாரம் சளியும் காய்ச்சலுமாக இருப்பது நினைவுக்கு வருகிறது. அதற்குள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் புறப்பட்டிருப்பார்கள். நாளை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது. விழா நடக்கும் நாளும் காதில் ஊசி ஏறும் நாளும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன என்பது, எங்கள் குடும்பத்துக் காதுகுத்துகள் பலவற்றை அருகிலிருந்து பார்த்த எனக்கு உறுதியாகத் தெரியும்.

எந்த வயதில் குத்துவது என்பதில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஏழாம் மாதம், பதினொன்றாம் மாதம், தவறினால் மூன்றாம் வயது, ஐந்தாம் வயது என்று ஒற்றைப்படையாகக் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கோடு தடுப்பூசி அட்டையையும் எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்), ஹெபடைட்டிஸ் பி உள்ளிட்ட 5 நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட் ஊசி, பிறந்த 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. இந்த மூன்று தவணைகளும் முடியும் முன் காது குத்த அவசரப்படுவது தவறு. தவணைகள் ஒழுங்காக முடிந்திருந்தால், காது குத்துகிறோம் என்பதற்காக மட்டும் தனியாக ஒரு டிடி (ரணஜன்னித் தடுப்பு) ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. அட்டையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டால் போதும். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தை, இரத்தம் எளிதில் உறையாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் நாளே குறிக்கக் கூடாது.

கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்திவிட்டால் அழுகை சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கழன்று விழும் சிறு தோட்டையும் திருகாணியையும் அந்தக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்பதும் உண்மை. மூன்று வயதுப் பிள்ளையோ ஒரு காது குத்தியதும் மறு காதைக் கொடுக்க மறுக்கும். அப்போது நான்கு பேர் பிடித்து அழுத்துவது கொடுமை. தன் காதைத் தானே பார்த்துக்கொள்ளும் வயது வரை காத்திருப்பது நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கருத்து. அப்படிக் காத்திருக்க விரும்பும் இளம் பெற்றோரை வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். காயம் ஆறிய இடத்தில் தழும்பு மேடாக வளரும் கெலாய்டு குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், முதலில் தோல் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. அந்தத் தொல்லை 11 வயதுக்கு மேல் காது குத்திக்கொள்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

அடுத்தது ஊசி. ஒரு கோயில் மண்டபத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காது குத்த வந்தவர் பித்தளைச் சிமிழிலிருந்து கூரான ஊசியை எடுத்து, விளக்குச் சுடரில் ஒரு கணம் காட்டி, படிந்த கரியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டுக் குத்தினார். அதே ஊசி அடுத்தடுத்து மூன்று குழந்தைகளுக்குப் போனது. அவருடைய கை நேர்த்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் துண்டு பட்டவுடனேயே, சுடரில் காட்டியதால் ஏதேனும் பயன் இருந்திருந்தாலும் அது போய்விட்டது. இரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ஆகியவற்றுக்கு ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துவது நேரான வழி. வெந்நீரில் கொதிக்கவைத்தாலும் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் சாவதில்லை; 121 டிகிரி செல்சியஸ் நீராவி அழுத்தத்தில் குறைந்தது 15 நிமிடம் வைத்தால்தான் கருவிகள் முழுமையாகத் தூய்மையாகும். எனவே உறை பிரிக்காத புதிய ஊசியை நம் கண் முன்னே பிரித்து, கையுறை அணிந்து குத்தச் சொல்ல வேண்டும். இதைக் கேட்பதால் ஆசாரியின் மனம் புண்படுமோ என்று தயங்க வேண்டியதில்லை. முன்கூட்டியே மரியாதையோடு சொல்லிவைத்தால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் விழாவைக் கைவிட வேண்டாம். குறித்த நாளில் தாய்மாமன் மடியில் அமர்த்தி, சோணையில் (காதின் கீழ் மடலில்) சந்தனம் வைத்து, சீரும் விருந்தும் முறைப்படி நடத்திவிட்டு, பின்னொரு நாள் மருத்துவமனையில் குத்திக்கொள்ளலாம். அல்லது இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் குத்தி, காயம் நன்றாக ஆறிய பிறகு, மாமன் மடியில் வைத்துப் புதுத் தோடு போடலாம். மாமனின் உரிமை எதுவும் இதில் குறையவில்லை.

நகைக்கடைகளில் கன் ஷாட் என்று துப்பாக்கிக் கருவியால் குத்துகிறார்கள். வில்விசையால் இயங்கும் அந்தக் கருவியை நீராவியில் வைத்துத் தூய்மையாக்க முடியாது என்பதால், குழந்தையின் தோலில் படும் பகுதி முழுவதும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் உறையிட்ட வகையாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சோணையைத் தாண்டி மேல் காதின் குருத்தெலும்பில் அதை ஒருபோதும் பயன்படுத்தவிடக் கூடாது. அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே சிதையலாம்.

குத்தும் இடத்தைக் குழந்தையை நிமிர்த்தி அமரவைத்து, இரு காதிலும் பேனாவால் குறித்து, எதிரில் நின்று ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். சோணையின் ஓரத்துக்கு மிக அருகில் குத்தினால், வளர்ந்தபின் போடும் ஜிமிக்கியின் கனத்தில் துளை இழுபட்டுக் கிழியும். தண்டட்டியும் பாம்படமும் போட்டு வளர்த்த காதுகளைக் கண்ட நம் ஆட்களுக்குச் சோணை எவ்வளவு இழுபடும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் தங்கை மகளுக்கு எட்டாம் மாதத்தில் காது குத்தி, மாமன் சீராக வந்த அரைக்கல் தோட்டையே அன்றைக்கே போட்டு, கழன்றுவிடக் கூடாது என்று திருகாணியை இறுக்கி முடுக்கிவிட்டோம். விருந்து முடிந்த மறுநாளே அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். ஐந்தாம் நாள் இரவு பால் கொடுக்கும்போது, தலைக்கடியில் இருந்த துணியில் மஞ்சளாகக் கறை படிந்திருந்ததைத் தங்கை பார்த்தாள். காதின் பின்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் திருகாணியையே காணோம். வீங்கிய சதை அதை மூடிக்கொண்டிருந்தது. மருத்துவர் மரக்கச் செய்து, சிறிது கீறித்தான் அதை வெளியே எடுத்தார். குத்திய காது முதல் சில நாட்கள் வீங்கத்தான் செய்யும். அந்த வீக்கத்துக்கு இடம் விட்டு, தண்டு சற்று நீளமாகவும் திருகாணி தளர்வாகவும் இருக்க வேண்டும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல் பதித்த தோடு, தொங்கட்டான், கூர் முனையுள்ள நகை எதுவும் முதல் தோடாக இருக்கக் கூடாது. நிக்கல் கலந்த மலிவான கவரிங் நகையால் அரிப்பும் நீர்க்கசிவும் வரும். ஒருமுறை வந்த நிக்கல் ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். வெள்ளைத் தங்கத்திலும் சில சமயம் நிக்கல் இருக்கும். நம் வழக்கமான 22 காரட் மஞ்சள் தங்கத்தில் எளிய, மழுமழுப்பான சிறு பொட்டுத் தோடோ, மருத்துவத் தரமுள்ள டைட்டானியத் தோடோ போதுமானது.

காயம் ஆறும் காலத்தில் மஞ்சளை எண்ணெயில் குழைத்து அப்புவதை அப்பத்தாவும் ஆயாவும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கிய மஞ்சள்தூளும் பலர் கை பட்ட எண்ணெய்க் கிண்ணமும் திறந்த காயத்துக்கு ஏற்றவை அல்ல. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை அடிக்கடி தடவினால் புதிதாக வளரும் தோல் கெடும். கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரில் நனைத்த தூய துணியால் தினம் இருமுறை ஒற்றித் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்துவதே போதும். தோட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் காய்ந்த பொருக்கு பிய்ந்து புண் புதிதாகும். திருகாணித் தோடாக இருந்தால் அது தெரியாமலே இறுகவும் கூடும். சோணை ஆற 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை ஊருணியிலும் நீச்சல் குளத்திலும் முழுகவிடக் கூடாது. தோட்டைக் கழற்றவும் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையோடு இதைச் சமாளிப்பது கடினம் என்பதால், தை, மாசியில் குத்துவதையே நான் விரும்புவேன். மொட்டையையும் அதே நாளில் அடிப்பதென்றால், மழித்த முடி காயத்தில் ஒட்டாதபடி முதலில் மொட்டை, பிறகு குளிப்பாட்டல், அதன் பின்னரே காது என்று வரிசை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று நாள் சிறிய சிவப்பும் தொட்டால் வலியும் இயல்பு. சிவப்பு பரவினாலோ, காது சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, திருகாணி கண்ணுக்குத் தெரியாமல் போனாலோ, தோட்டை நாமே பிடுங்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிடுங்கினால் துளை வெளியே மூடி, சீழ் உள்ளேயே தங்கிவிடும். வெளியூருக்குத் திரும்புகிறவர்கள் காது குத்திய பின் குறைந்தது ஒரு வாரமாவது இங்கே தங்குவதாகத் திட்டமிட்டால், இந்த அறிகுறிகளைக் குத்தியவரே நேரில் பார்த்துச் சொல்ல முடியும். என் தங்கை மகளின் அந்த இடது காதுத் துளை மூடிக்கொண்டது. அதை மறுபடி குத்த மருத்துவர் தழும்பு மெத்தென்று ஆகும் வரை பல மாதம் காத்திருக்கச் சொன்னார், பழைய இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் குத்தினார்.