ராணுவக் கூட்டணியால் நாட்டுக்கு லாபமா: ஒப்பந்தத்தைக் கையில் வைத்து எடைபோடும் முறை

வெளிநாட்டு ராணுவக் கூட்டணி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எந்த வல்லரசு நல்லது, எது கெட்டது என்ற சண்டையில் போய் முடிகின்றன. நாட்டுக்கு அதனால் லாபமா நட்டமா என்று கண்டுபிடிக்க அந்தச் சண்டை தேவையில்லை. ஒப்பந்தத்தின் முழு வாசகம், ஒரு நல்ல வரைபடம், பாதுகாப்புத் துறையின் பட்ஜெட் ஆவணங்கள் ஆகியவை இருந்தால் எந்தக் கூட்டணியையும் உருப்படியாக எடைபோட்டுவிடலாம். மாணவர், நிருபர், நாடாளுமன்ற உறுப்பினருக்குக் குறிப்பு எழுதித் தருபவர் என யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். வேலையின் வரிசையை மட்டும் மாற்றக்கூடாது.

ஒப்பந்தத்தைத் திறக்கும் முன்

நாட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகளைச் சொந்தமாகப் பட்டியலிடுவதுதான் முதல் வேலை. நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் நேராக, ஆபத்து யாரிடமிருந்து, எந்த இடத்தில், எந்த வடிவில், அடுத்த பத்து ஆண்டுகளில் எவ்வளவு சாத்தியம் என்று எழுதுங்கள். இடம் என்றால் 'எல்லை' என்று பொதுவாக விட்டுவிடாமல் எந்த நீரிணை, எந்தத் தீவு, எந்தக் கணவாய் என்று குறிப்பிட வேண்டும். வடிவமும் அப்படித்தான். முழுப் படையெடுப்பு வேறு, துறைமுக முற்றுகை வேறு, மீன்பிடிப் படகுகளையும் கடலோரக் காவல் கப்பல்களையும் அனுப்பிச் சிறுகச் சிறுக இடத்தைப் பிடிப்பது வேறு.

ஒப்பந்தத்தைப் படித்த பிறகு இந்தப் பட்டியலைப் போட்டால் அது கெட்டுவிடும். கூட்டாளியின் எதிரியே நம் எதிரியாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார். 1954-ல் மணிலாவில் கையெழுத்தான சீட்டோ (தென்கிழக்கு ஆசியக் கூட்டுப் பாதுகாப்பு) ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் சேர்ந்தபோது அதன் முதல் கவலை இந்தியா. அமெரிக்காவோ, தன் கடமை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டுமே பொருந்தும், மற்றவற்றுக்குக் கலந்தாலோசனைதான் என்று ஒப்பந்தத்திலேயே தனிக் குறிப்பு எழுதி வைத்திருந்தது. 1965 போரிலும் 1971 போரிலும் சீட்டோ பாகிஸ்தானுக்காகக் களமிறங்கவில்லை. இஸ்லாமாபாத்தின் கோபம் புரியக்கூடியதுதான். ஆனால் வாசகத்தில் இருந்தது அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஆபத்தின் ஓரத்திலும் இன்னொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்: நாளை ஆட்சி மாறினாலும் இது ஆபத்தாகவே இருக்குமா? இல்லை என்று பதில் வந்தால் அது ஆட்சியாளரின் ஆபத்து. நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. 1955-ல் ஈராக்கின் மன்னராட்சி சேர்ந்த கூட்டணிக்குப் பெயரே பாக்தாத் ஒப்பந்தம். 1958-ல் மன்னராட்சி கவிழ்ந்தது, மறு ஆண்டே ஈராக் வெளியேறியது. இதைவிடக் கொடுமை 1968-ல் நடந்தது. சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் படையெடுத்துப் போன இடம் எந்த எதிரி நாடும் அல்ல, தங்கள் உறுப்பு நாடான செக்கோஸ்லோவாக்கியா.

ஆவணக் கட்டு

மூல ஒப்பந்தம் எப்போதுமே சின்னதாகத்தான் இருக்கும். நேட்டோ ஒப்பந்தத்தில் மொத்தம் 14 பிரிவுகள்; 1960-ம் ஆண்டு அமெரிக்கா–ஜப்பான் ஒப்பந்தத்தில் 10. அதை மட்டும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்பவர்கள்தான் அதிகம். நாட்டைத் தினமும் தொடும் விஷயங்கள் துணை ஆவணங்களில் இருக்கின்றன. தங்கியிருக்கும் வெளிநாட்டுப் படையினரின் சட்ட நிலை பற்றிய ஒப்பந்தம், செலவுப் பகிர்வு ஒப்பந்தம், தளவாட ஒப்பந்தம், கையெழுத்தன்று இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒவ்வொரு நாடும் சேர்த்த விலக்குக் குறிப்புகள் ஆகிய ஐந்தும் கையில் வந்த பிறகே மேலே செல்லுங்கள். ஏதாவது ஒன்று ரகசியம் என்று மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டது என்பதையே அறிக்கையின் முதல் பக்கத்தில் பதிவு செய்யுங்கள்.

தலைவர்களின் மேடைப் பேச்சுகள் இந்தக் கட்டில் சேரக்கூடாது. 'தோளோடு தோள் நிற்போம்' என்பதற்குச் சட்ட மதிப்பு இல்லை.

உதவிப் பிரிவை வார்த்தை வார்த்தையாகப் படிப்பது

இந்த மதிப்பீட்டில் அதிக நேரம் இங்கேதான் செல்ல வேண்டும். தாக்குதல் நடந்தால் கூட்டாளி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பிரிவைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் நகல் எடுங்கள். மூன்று நிறப் பேனாக்கள் வேண்டும்.

முதல் நிறத்தில் வினைச்சொல்லைக் கோடிடுங்கள். நேட்டோவின் 5-ம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்று தொடங்குகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டும் பாதி அது. மறுபாதியில், ஒவ்வொரு நாடும் ஆயுதப் பயன்பாடு உட்பட 'தான் அவசியமெனக் கருதும்' நடவடிக்கையை எடுக்கும் என்று இருக்கிறது. எது அவசியம் என்று கருதுவது உதவுபவர், தாக்கப்பட்டவர் அல்ல. 1951-ம் ஆண்டு அமெரிக்கா–பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் இன்னும் தளர்வானது: பொது ஆபத்தை எதிர்கொள்ள 'தத்தம் அரசியலமைப்பு நடைமுறைகளின்படி' செயல்படுவோம் என்கிறது. சீனா–வட கொரியா 1961 ஒப்பந்தமோ, உடனடியாகத் தன் வசமுள்ள எல்லா வழிகளிலும் ராணுவ உதவி தரப்படும் என்று கறாராகப் பேசுகிறது. வினைச்சொல் கறாராக இருந்தால் நமக்குப் பாதுகாப்பு கூடும், கூடவே கூட்டாளியின் போரில் இழுபடும் அபாயமும் அதே அளவுக்குக் கூடும். இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நிறம் புவியியலுக்கு. நேட்டோவின் 6-ம் பிரிவு பாதுகாப்பு எல்லையை ஐரோப்பா, வட அமெரிக்கா, துருக்கி, கடக ரேகைக்கு வடக்கே உள்ள வட அட்லாண்டிக் தீவுகள் என்று வரையறுக்கிறது. அதனால்தான் 1982-ல் அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தபோது, பிரிட்டன் நேட்டோவின் நிறுவன உறுப்பினராக இருந்தும், 5-ம் பிரிவு பொருந்தவில்லை. ஜப்பான் ஒப்பந்தம் 'ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள பகுதிகள்' என்கிறது. உரிமை கோரும் இடமெல்லாம் அதில் வராது. கையில் இருக்கும் இடம்தான் வரும். உங்கள் பட்டியலிலுள்ள தீவையும் கணவாயையும் இந்த வரையறைக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் நிறம் 'ஆயுதத் தாக்குதல்' போன்ற தூண்டுதல் சொற்களுக்கு. தண்ணீர்ப் பீரங்கி அடிப்பது ஆயுதத் தாக்குதலா? மின்கட்டமைப்பை முடக்கும் சைபர் தாக்குதல்? பழைய ஒப்பந்தங்களில் இதற்குப் பதில் இருக்காது. பிலிப்பைன்ஸ் இந்த ஓட்டையை அடைக்க 2023 மே மாதம் அமெரிக்காவுடன் இருதரப்பு வழிகாட்டுதல்களை வகுத்தது. தென்சீனக் கடலின் எந்தப் பகுதியில் நடந்தாலும், கடலோரக் காவல் படை மீதான ஆயுதத் தாக்குதலும் ஒப்பந்தத்தில் அடங்கும் என்று அதில் எழுத்தில் வாங்கிக்கொண்டது. 72 ஆண்டு பழைய ஒப்பந்தத்தைத் திருத்தாமலேயே வலுவாக்கிய நல்ல வேலை அது.

கூடவே சங்கிலி நிபந்தனை இருக்கிறதா என்றும் தேடுங்கள். 1935-ல் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தத்தில், பிரான்ஸ் முதலில் உதவிக்கு வந்தால்தான் சோவியத் உதவி என்று இருந்தது. 1938 செப்டம்பரில் மியூனிக்கில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஜெர்மனிக்குக் கொடுக்கச் சம்மதித்து பிரான்ஸ் பின்வாங்கியது. ஒரு கையெழுத்தில் இரண்டு வல்லரசுகளின் உதவியும் இல்லாமல் போனது.

உதவி எத்தனை நாளில் வந்து சேரும்

வாசகம் சரியாக இருந்தாலும் வரைபடம் காலை வாரிவிடும். 1939 செப்டம்பர் 1-ல் போலந்து தாக்கப்பட்டது. பிரிட்டனும் பிரான்சும் சொன்னபடியே 3-ம் தேதி ஜெர்மனி மீது போர் அறிவித்தன. போலந்து மண்ணில் அவர்களின் படை எதுவும் இறங்கவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் போலந்தின் எதிர்ப்பு முடிந்தது.

எனவே பட்டியலின் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு காலக்கோடு வரையுங்கள்: முதல் நாள், மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், மூன்றாம் மாதம். ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டாளியின் எந்தப் படைப்பிரிவு, எந்தத் தளத்திலிருந்து, எந்தப் பாதையில் வர முடியும், வழியில் யார் வான்வெளியை மறுக்கலாம், கூட்டாளி நாட்டில் யார் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டாளியின் மொத்தப் படை எண்ணிக்கையைப் போட்டுப் பக்கத்தை நிரப்புவது வழக்கமான தவறு. வந்து சேராத டாங்கியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் மண்ணில் வெளிநாட்டுப் படை

படைத்தளம் உண்டு என்றால், அந்தத் தளத்திலிருந்து மூன்றாம் நாட்டின் மீது தாக்குதல் நடத்த நம் அனுமதி வேண்டுமா, குற்றம் செய்யும் வெளிநாட்டுச் சிப்பாயை யார் விசாரிப்பது, போர்க்காலத்தில் நம் படைக்கு யார் கட்டளையிடுவது ஆகிய மூன்றையும் துணை ஆவணங்களில் தேடுங்கள்.

முதலாவதற்குத் துருக்கி நல்ல உதாரணம். 2003 மார்ச் 1-ல் ஈராக் போருக்காக அமெரிக்கப் படைகளைத் தன் மண்ணில் அனுமதிக்கும் தீர்மானத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவாக 264 பேரும் எதிராக 250 பேரும் வாக்களித்தனர். 19 பேர் நடுநிலை வகித்ததால் வந்திருந்தோரில் பெரும்பான்மை கிடைக்கவில்லை, தீர்மானம் விழுந்தது. துருக்கி இன்றும் நேட்டோவில்தான் இருக்கிறது. மறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறதா, அமைச்சரவையிடம் மட்டும் இருக்கிறதா என்பது இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தரும்.

விசாரணை உரிமைக்கு 1951 நேட்டோ படைநிலை (படையினரின் சட்ட நிலை) ஒப்பந்தத்தின் 7-ம் பிரிவு ஓர் அளவுகோல். பணியின்போது நடந்த குற்றங்களில் அனுப்பிய நாட்டுக்கு முன்னுரிமை, மற்ற பெரும்பாலான குற்றங்களில் தங்கவைத்த நாட்டுக்கு முன்னுரிமை. உங்கள் நாட்டு ஒப்பந்தம் இதைவிடக் குறைவாகத் தந்தால் காரணம் கேளுங்கள். பணியில் இருந்தாரா என்று சான்றளிப்பது யார் என்பதையும் பாருங்கள். வழக்குகள் அந்தச் சான்றிதழில்தான் திசை மாறுகின்றன.

கட்டளை விஷயத்தில் தென்கொரியா: அமைதிக்கால நடவடிக்கைக் கட்டுப்பாடு (படையை இயக்கும் அதிகாரம்) 1994-ல் சியோலுக்குத் திரும்பியது. போர்க்காலக் கட்டுப்பாடோ அமெரிக்கத் தளபதி தலைமையிலான கூட்டுப் படைக் கட்டளையகத்துடன் பிணைக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெறும் பேச்சு பல அதிபர்களைக் கடந்தும் இழுபட்டது. ஒப்படைப்பது எளிது, மீட்பது கடினம்.

தளத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் விடாதீர்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் ஓகினாவா சுமார் 0.6 சதவீதம், அமெரிக்கப் படைகளின் தனிப் பயன்பாட்டுத் தளங்களின் பரப்பில் சுமார் 70 சதவீதம் அங்கே இருக்கிறது. நாட்டுக்கு லாபம் என்று மொத்தக் கணக்கு சொன்னாலும், ஒரே தீவு அதற்கு விலை கொடுப்பது நியாயம் ஆகாது. மதிப்பீட்டில் இதற்குத் தனி வரி வேண்டும்.

செலவும் சார்பும்

ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். நேட்டோ 2014-ல் 2 சதவீத இலக்கு வைத்தது. 2025 ஹேக் மாநாட்டில் 2035-க்குள் 5 சதவீதம் என்றானது, அதில் 3.5 நேரடிப் பாதுகாப்புக்கு, 1.5 அதைச் சார்ந்த கட்டமைப்புக்கு. ஆனால் கிரீஸ் பல காலமாக 2 சதவீதத்தைத் தாண்டிச் செலவிட்டதற்குக் காரணம் சக உறுப்பினரான துருக்கி மீதான அச்சம். பணம் எதற்குப் போகிறது என்று பார்க்காமல் சதவீதம் எதையும் சொல்லாது.

உண்மையான சார்பு உதிரிபாகங்களில் இருக்கிறது. 1974-ல் துருக்கி சைப்ரஸ் தீவில் படை இறக்கிய பின் 1975 முதல் 1978 வரை அமெரிக்கா துருக்கிக்கு ஆயுதத் தடை விதித்தது. விமானங்கள் உதிரிபாகம் இல்லாமல் நின்றன. துருக்கி தன் பாதுகாப்பு மின்னணு நிறுவனமான அசெல்சானை 1975-ல் தொடங்கியதன் பின்னணி இதுதான். முக்கியமான ஒவ்வொரு ஆயுத அமைப்புக்கும் எழுதிப் பாருங்கள்: விநியோகம் நாளையே நின்றால் எத்தனை மாதம் ஓடும், மென்பொருளை யார் புதுப்பிக்கிறார்கள், இந்த ஆயுதத்தை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று விற்றவர் நிபந்தனை போட்டிருக்கிறாரா. ஆறு மாதத்துக்குக் கீழே வருபவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

வெளியே போகும் வழி

வெளியேறும் பிரிவில் அறிவிப்புக் காலத்தைப் பாருங்கள். நேட்டோவிலும் ஜப்பான் ஒப்பந்தத்திலும் பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்திலும் அது ஓராண்டு. காகிதத்தில் கதவு இருந்தால் மட்டும் போதாது. 1956 நவம்பர் 1-ல் ஹங்கேரி வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 4-ம் தேதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் இருந்தன. மறுபக்கம், 1966-ல் பிரான்ஸ் நேட்டோவின் கூட்டு ராணுவக் கட்டளை அமைப்பிலிருந்து விலகி, உறுப்பினராகத் தொடர்ந்து, 2009-ல் திரும்பியது. நியூசிலாந்து அணு ஆயுதக் கப்பல்களை மறுத்ததால் 1986-ல் அமெரிக்கா அதற்கான பாதுகாப்புக் கடமையை நிறுத்திவைத்தது. நியூசிலாந்து அசையாமல் 1987-ல் தடையைச் சட்டமாக்கியது. உங்கள் நாட்டின் நிலை இந்த மூன்றில் எதற்கு அருகில் என்று நேர்மையாக எழுதுங்கள். கூட்டாளியின் படை ஏற்கெனவே நாட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கும்.

மாற்று வழிகளோடு ஒப்பிடுவது

கூட்டணியை அதன் குறைகளோடு மட்டும் ஒப்பிட்டால் எதுவும் தேறாது. தனித்து நிற்பது, தாக்குதல் நேர்ந்தால் கலந்தாலோசிப்பது என்ற அளவில் நிற்கும் ஒப்பந்தம், தளவாட உதவி மட்டும், முழுக் கூட்டணி என்று நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட அட்டவணை போட்டு, முதல் பட்டியலின் ஆபத்துகளை இடப்பக்கம் எழுதுங்கள். எந்தப் பத்தி எந்த ஆபத்தைக் குறைக்கிறது, எந்தப் புதிய ஆபத்தைக் கொண்டுவருகிறது என்று நிரப்புங்கள். 1994 புடாபெஸ்ட் குறிப்பாணையில் உக்ரைனுக்குக் கிடைத்தது எல்லைகளை மதிப்போம் என்ற உறுதிமொழி. படை அனுப்பும் கடமை அதில் இல்லை. இப்படிப்பட்டவற்றைக் கூட்டணிப் பத்தியில் போடாதீர்கள்.

பின்லாந்து பல பத்தாண்டுகள் கூட்டணியில் சேராமல் கட்டாய ராணுவச் சேவையையும் பெரிய ரிசர்வ் படையையும் காப்பாற்றி வந்தது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் கணக்கை மறுபடி போட்டு 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. சொந்தப் படை வலுவாக இருந்ததால் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

நிரப்பிய அட்டவணையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். செலவுப் பகிர்வு ஒப்பந்தங்களுக்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்காவுடன் தென்கொரியாவின் தற்போதைய ஒப்பந்தம் 2026 முதல் 2030 வரை. அப்படி ஒவ்வொரு துணை ஒப்பந்தமும் முடியும் நாளைக் குறித்து, அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஆபத்துப் பட்டியலைப் புதிதாக எழுதத் தொடங்குங்கள். பழைய பட்டியலைப் பார்க்காமல் எழுதி, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பாருங்கள். பேச்சுவார்த்தைக்கு எடுத்துப்போக வேண்டியவை அந்த வரிகள்தான்.