ஆர்லாண்டோவில் மார்வெல் ரைடுகள்: யூனிவர்சலில் ஒரு நாள், எப்காட்டில் ஒரு நாள்

மார்வெல் நிறுவனம் டிஸ்னியின் கையில் இருக்கிறது. அதனால் ஸ்பைடர்மேன் டிஸ்னி வேர்ல்டில்தான் இருப்பார் என்று நினைத்து அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். புளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஸ்பைடர்மேன் ரைடும் ஹல்க் ரைடும் இருப்பது போட்டிக்காரரான யூனிவர்சலிடம். இதற்குக் காரணம் 1994-இல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தம். அப்போது யூனிவர்சலின் தாய் நிறுவனமாக இருந்த எம்சிஏ, மார்வெல் பாத்திரங்களைத் தன் பூங்காவில் பயன்படுத்தும் உரிமையை வாங்கியது. 1999-இல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்கா திறந்தபோது அதற்குள் 'மார்வெல் சூப்பர் ஹீரோ ஐலண்ட்' என்ற பகுதியும் திறந்தது. 2009-இல் டிஸ்னி மார்வெலை வாங்கியபோதும் அந்த ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, யூனிவர்சல் பயன்படுத்தும் பாத்திரங்களையும் அவற்றைச் சேர்ந்த குழுக்களையும் வேறு பூங்கா தொட முடியாது. மார்வெலின் இன்னொரு நாயகர் குழுவான கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி இந்த வேலிக்கு வெளியே இருந்தது. அதனால்தான் டிஸ்னியின் எப்காட்டில் 2022 மே 27-இல் அவர்களுக்கென்று ஒரு கோஸ்டர் வந்தது.

எனவே இரண்டு பூங்கா, இரண்டு டிக்கெட், இரண்டு நாள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஐ-4 நெடுஞ்சாலையின் நெரிசலே பாதி நாளை விழுங்கிவிடும்.

படி 1: சரியான பூங்காவுக்கு டிக்கெட்

யூனிவர்சலுக்கு ஆர்லாண்டோவில் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காக்கள் உண்டு. மார்வெல் பகுதி இருப்பது ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் மட்டும்தான். பக்கத்து வாசலான யூனிவர்சல் ஸ்டுடியோஸிலும் இல்லை, 2025-இல் திறந்த எபிக் யூனிவர்சிலும் இல்லை. மார்வெல் மட்டும் போதும் என்றால் ஒரே பூங்காவுக்கான ஒருநாள் டிக்கெட் போதுமானது. ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர், யூனிவர்சல் ஸ்டுடியோஸ் இரண்டுக்கும் சேர்த்து எடுக்கும் விலை கூடிய டிக்கெட், அவற்றுக்கிடையே ஓடும் ஹாரி பாட்டர் ரயிலில் போக விரும்புவோருக்குத்தான் அவசியம். டிஸ்னி பக்கம் நான்கு பூங்காக்கள். அங்கே எப்காட்டைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: வீட்டிலேயே உயரம் அளக்கவும்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளையை அளவுகோல் முன்னால் நிறுத்தித் திருப்பி அனுப்பும்போது அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது. ஊழியர்கள் இதில் அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது. தோள்பட்டைத் தடுப்பும் இடுப்புத் தடுப்பும் குறிப்பிட்ட உடல் அளவை வைத்தே வடிவமைக்கப்பட்டவை.

ஹல்க் கோஸ்டருக்கு 54 அங்குலம், அதாவது 137 செ.மீ. டாக்டர் டூம் கோபுரத்துக்கு 52 அங்குலம், 132 செ.மீ. எப்காட்டின் கார்டியன்ஸ் கோஸ்டரான காஸ்மிக் ரீவைண்டுக்கு 42 அங்குலம், 107 செ.மீ. ஸ்பைடர்மேனுக்கு 40 அங்குலம், 102 செ.மீ.; 48 அங்குலத்துக்குக் குறைந்தவர்களோடு பெரியவர் ஒருவரும் ஏற வேண்டும். எக்ஸ்-மென் கதையில் வரும் ஸ்டார்மின் பெயரில் உள்ள சுழல் ராட்டினத்துக்குக் குறைந்தபட்ச உயரம் இல்லை, பெரியவர் கூட இருந்தால் போதும்.

ஒரு பிள்ளைக்கு உயரம் போதாது என்பதற்காக அப்பாவோ அம்மாவோ ரைடை இழக்க வேண்டியதில்லை. யூனிவர்சலில் 'சைல்ட் ஸ்வாப்', டிஸ்னியில் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒருவர் பிள்ளையோடு காத்திருக்க, மற்றவர் போய் வந்ததும் ஆள் மாறிக்கொள்ளலாம். இரண்டாமவர் முழு வரிசையையும் மறுபடி நிற்கத் தேவையில்லை. வரிசையில் சேரும் முன்பே வாசல் ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும்.

படி 3: முதல் நாள், காலையில் வெளியரங்கம், மதியம் உள்ளரங்கம்

கோடைக்காலத்தில் மத்திய புளோரிடாவில் பிற்பகல் இடி மின்னல் ஏறக்குறைய அன்றாட விஷயம். அருகில் மின்னல் வந்தால் ஹல்க்கும் டூமும் நின்றுவிடும். ஸ்பைடர்மேன் கட்டடத்துக்குள் இருப்பதால் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைய திட்டம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

வாசல் திறந்ததும் பெருங்கூட்டம் பூங்காவின் மறுகோடியில் உள்ள ஹாக்ரிட், வெலாசிகோஸ்டர் என்ற கோஸ்டர்கள் பக்கம் ஓடும். நீங்கள் ஏரிக்கரையில் இடப்பக்கம் திரும்புங்கள். முதலில் கண்ணில் படும் பச்சைத் தண்டவாளம்தான் ஹல்க்.

ஏறும் முன் பாக்கெட்டில் உள்ள அனைத்தையும் இலவச லாக்கரில் வைக்க வேண்டும்: போன், சாவி, சில்லறை, தொப்பி எல்லாமே. அதன்பின் மெட்டல் டிடெக்டர் வாசல் இருக்கிறது. ஒரு நாணயம் மறந்திருந்தாலும் திரும்பி லாக்கருக்கு நடக்க வேண்டிவரும். லாக்கர் எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், போன் உள்ளே போய்விடுவதால் படம் எடுத்து வைத்தும் பயனில்லை. இலவச நேரம் கடந்தால் கட்டணம் உண்டு. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் பின்கயிறு மாட்டிக்கொள்ளுங்கள். உடல்வாகு பெரியவர்கள் வாசலில் உள்ள சோதனை இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். பெல்ட் எட்டவில்லை என்றால் அதற்கென்று உள்ள வேறு இருக்கைகளைக் கேளுங்கள்.

ஹல்க்கின் தனிச்சிறப்பு அதன் தொடக்கம். சாதாரண கோஸ்டர் சங்கிலியில் கடகடவென்று மேலே ஏறும், அதற்குள் மனம் தயாராகிவிடும். இங்கே சாய்வான சுரங்கக் குழாய்க்குள் ரயிலின் அடிப்பக்கத்தை இரு பக்கமும் சுழலும் டயர்கள் கவ்வி, மேல்நோக்கியே உந்தித் தள்ளுகின்றன. இரண்டு நொடியில் மணிக்கு 40 மைல். குழாயின் வாயில் வெளிச்சம் தெரிந்த கணத்தில் 110 அடி உயரத்தில் தலைகீழாகப் புரண்டிருப்பீர்கள். அங்கிருந்து 105 அடி ஏரியை நோக்கிப் பாய்ச்சல், உச்ச வேகம் 67 மைல், மொத்தம் ஏழு முறை தலைகீழ். உந்தும்போது தலையைச் சாய்மானத்தோடு ஒட்டி வைத்திருங்கள். முன்னால் குனிந்து எட்டிப்பார்த்தால் கழுத்தில் சுளுக்கு வரலாம்.

அடுத்து டாக்டர் டூம். காற்றழுத்தத்தால் மேலே எறிந்து கீழே விடும் கோபுரம் இது. ரைடு ஒரு நிமிடம்கூட நீடிக்காது, ஆனால் ஒரு முறைக்குச் சிலரே ஏற முடியும் என்பதால் வரிசை ஊர்ந்துதான் நகரும். 30 நிமிடத்துக்கு மேல் காட்டினால் விட்டுவிடலாம். சில நாட்களில் இது தாமதமாகவே திறக்கும், ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியதும் ஸ்பைடர்மேன். பன்னிரண்டு பேர் அமரும் வண்டி தண்டவாளத்தில் நகர்ந்தபடியே சாய்ந்தும் சுழன்றும் திரைகளுக்கும் உண்மையான அரங்கப் பொருள்களுக்கும் நடுவே செல்கிறது. வண்டி நகர நகரப் பார்ப்பவரின் கோணம் மாறும். அதற்கேற்பத் திரைப்படமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் தயாரிக்கப்பட்டிருப்பதால், தட்டையான திரை என்பதே மறந்து தெரு நீண்டு போவதாகத் தோன்றும். கடைசியில் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே விழுவதாக வயிறு நம்பும், வண்டியோ தரையை விட்டு எங்கும் போயிருக்காது. 1999-இல் இப்படி ஒன்றைச் செய்தது பெரிய சாதனை, இன்றும் அது குறையவில்லை. 2012-இல் படக்காட்சியைப் புதுப்பித்தார்கள். 3டி கண்ணாடியை உங்கள் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். குமட்டல் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் குறையும்.

தனித்தனியாக உட்காரச் சம்மதம் என்றால் 'சிங்கிள் ரைடர்' வரிசை நேரத்தை மிச்சப்படுத்தும். திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாசலிலும் கேளுங்கள். தெருவில் வந்து நிற்கும் கேப்டன் அமெரிக்கா, வுல்வரின் போன்றோர் காமிக்ஸ் புத்தகத் தோற்றத்தில் இருப்பார்கள். சினிமா முகங்களை எதிர்பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

படி 4: இரண்டாம் நாள், காஸ்மிக் ரீவைண்ட்

எப்காட்டுக்கு இரண்டு வாசல்கள். பெரிய வெள்ளிக் கோளம் நிற்கும் முன்வாசல் வழியாக வாருங்கள். ரைடு அதற்கு இடப்பக்கம், சில நிமிட நடைதான். பின்வாசலில் இறங்கினால் பூங்காவின் பெரும்பகுதியைக் கடந்து வர வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்கியிருந்தால் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள், அந்த அரை மணியை இதற்கே செலவிடுங்கள். இல்லையென்றால் நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் 'லைட்னிங் லேன்' தனிப் பாஸைப் பணம் கொடுத்து முன்பதிவு செய்யலாம். விலை நாளுக்கு நாள் மாறும்.

இந்த கோஸ்டர் இருட்டான பெரிய கட்டடத்துக்குள் ஓடுகிறது. உந்துதலே பின்னோக்கித்தான். அதோடு ஒவ்வொரு வண்டியும் ஓடும்போதே தன்னைத்தானே திருப்பிக்கொண்டு, காட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உங்களைப் பார்க்க வைக்கிறது. தலைகீழாகப் புரள்வது இல்லை. இருந்தும் ஹல்க்கில் சிரித்துக்கொண்டே இறங்கியவர்கள் சிலருக்கு இங்கே வயிறு பிரட்டும். உடல் ஒரு திசையில் போகிறது, முகம் வேறு திசையில் இருக்கிறது, இருட்டில் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பும் கண்ணும் வெவ்வேறு செய்தி சொல்வதால்தான் மூளை குழம்புகிறது.

தலையைச் சாய்மானத்தில் வைத்து, வண்டி எந்தப் பக்கம் திருப்புகிறதோ அதற்கு நேரே மட்டும் பாருங்கள். கழுத்தைத் திருப்பி எதையும் தேட வேண்டாம். முன்வரிசைகளில் இழுப்பு குறைவு, கடைசி வரிசையில் அதிகம். உலக நாடுகளின் உணவுக்கடைகள் எப்காட்டின் பெருமை, ஆனால் அவற்றை ரைடுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, இரண்டு இட்லி அளவு ஏதாவது போதும். பயண வாந்தி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு வெகு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வரிசையில் நின்றபடி விழுங்கினால் வேலை செய்யாது.

ஒவ்வொரு முறையும் ஆறு பாட்டுகளில் ஏதோ ஒன்று ஒலிக்கும். பாட்டு மாறினால் அதே பாதையே வேறொன்றாகத் தோன்றும். அதனால் முதல் முறை உடம்பு ஒத்துக்கொண்டவர்கள், ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடி ஏறலாம்.

அவெஞ்சர்ஸ் சினிமாத் தோற்றத்தில்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், ஆர்லாண்டோவில் அதற்கு வழியில்லை. மிசிசிப்பிக்கு மேற்கே, கலிபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னி பூங்காவில் 2021 ஜூன் 4-இல் 'அவெஞ்சர்ஸ் கேம்பஸ்' திறந்தது. அங்குள்ள ஸ்பைடர்மேன் ரைடுக்கு உயரக் கட்டுப்பாடே இல்லை. கையை வீசினால் திரையில் வலை பாயும், நான்கு வயதுப் பிள்ளையும் தாத்தாவும் ஒரே வண்டியில் உட்காரலாம்.