ஒரே படத்தில் மீ.பொ.கா, மீ.பொ.ம: குறிப்பேட்டில் கற்பிக்கும் முறை

மீப்பெரு பொதுக் காரணியையும் (மீ.பொ.கா) மீச்சிறு பொது மடங்கையும் (மீ.பொ.ம) தனித்தனிச் செய்முறைகளாக மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இரண்டையும் எளிதில் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டையும் குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில், ஒரே படத்திலிருந்து கண்டறியச் செய்யுங்கள்.

முதலில் 24, 36 ஆகிய எண்களைக் காரணிச்செடி முறையில் பகாக் காரணிகளாகப் பிரித்து, முன்னதை நீல நிறத்திலும் பின்னதைச் சிவப்பு நிறத்திலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்களை வரைந்து, பொதுவான 2, 2, 3 ஆகியவற்றை நடுப்பகுதியிலும், 24-இல் எஞ்சும் 2-ஐ இடப்புறத்திலும், 36-இல் எஞ்சும் 3-ஐ வலப்புறத்திலும் நிரப்ப வேண்டும். நடுப்பகுதியின் பெருக்கற்பலனாகிய 12 மீ.பொ.கா, படத்திலுள்ள எல்லா எண்களின் பெருக்கற்பலனாகிய 72 மீ.பொ.ம.

பொதுக் காரணிகளை ஒருமுறை மட்டுமே எழுதுவது ஏன் என்பதை இங்கே நிதானமாக விளக்குவது மிக அவசியம்: இருமுறை எழுதினால் 864 கிடைக்கும், அதுவும் பொது மடங்குதான், ஆனால் மீச்சிறியது அன்று.

8, 15 போன்ற சார்பகா எண்களுக்கு, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்களுக்கு, நடுப்பகுதி வெறுமையாக இருப்பதால், மீ.பொ.கா 0 என்று மாணவர்கள் கருதிவிடாதபடி, அங்கே 1 என்று எழுதச் சொல்லுங்கள்.