பல அட்டவணைகள், ஒரே ஒப்ஜெக்ட்: நிலுவைக் கணக்கு பிழைக்காமல் சேர்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் பனம்பொருள் விற்கும் ஒரு கடைக்குச் சின்னதாக விற்பனை மென்பொருள் ஒன்று எழுதிக்கொடுத்தேன். பனங்கட்டி, ஒடியல் மா, பனாட்டு, புழுக்கொடியல் எல்லாம் அங்கே உண்டு. வெளிநாடு திரும்புகிறவர்கள் மொத்தமாகச் சொல்லிவைத்து முற்பணம் கட்டுவார்கள், மிச்சத்தைப் பிறகு இரண்டு மூன்று தரமாகத் தருவார்கள். கடை ஐயாவுக்குத் திரையில் வேண்டியது இவ்வளவுதான்: "தம்பி, இவர் என்னென்ன எடுத்தவர், எவ்வளவு தந்தவர், இன்னும் எவ்வளவு தரவேணும்?"

இந்தக் கேள்விக்கான விடை ஐந்து அட்டவணைகளில் பிரிந்து கிடக்கிறது: வாடிக்கையாளர், விற்பனை, விற்பனைவரி (அரசாங்க வரி அல்ல, ஒரு விற்பனையில் எடுத்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி), சாமான், கொடுப்பனவு. இவற்றை ஒரே ஒப்ஜெக்ட்டாகக் கட்டித் திரைக்குக் கொடுப்பதுதான் இந்தப் பதிவு. நான் பாவிப்பது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், சி ஷார்ப் மொழி, குவெரியின் விடையை கிளாஸுக்குள் நிரப்பித்தரும் டாப்பர் என்ற சின்ன நூலகம். முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்றால் என்னவென்று உயர்தர ஐசிடியில் படித்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

முதலில் ஒப்ஜெக்ட்டை எழுதுங்கள்

குவெரியில் கை வைக்க முதல், திரைக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு கிளாஸாக எழுதிவிடுங்கள். என்னுடையதன் பெயர் விற்பனைப்பார்வை. அதற்குள் எண், திகதி, வாடிக்கையாளர்பெயர், ஊர் என்ற நாலு தனி விவரங்கள். பிறகு வரிகள் என்று ஒரு லிஸ்ட், கொடுப்பனவுகள் என்று இன்னொரு லிஸ்ட். மொத்தம், கட்டியது, நிலுவை மூன்றையும் எங்கும் சேமிக்காமல், அந்த இரண்டு லிஸ்ட்டிலிருந்தும் கேட்கும் நேரத்தில் கூட்டித் தரும் புரொப்பர்ட்டிகளாக வையுங்கள். காசுக்கு டெசிமல் மட்டும். டபிள் போட்டால் சதக் கணக்கு என்றோ ஒருநாள் இடறும்.

அட்டவணை அமைப்பை அப்படியே நகலெடுத்து கிளாஸ் எழுதுவதை நான் விரும்புவதில்லை. அட்டவணை சேமிப்பதற்கு, இந்த ஒப்ஜெக்ட் காட்டுவதற்கு. இரண்டும் ஒரே உருவத்தில் இருக்கவேண்டிய தேவை இல்லை.

தலைப்பு விவரத்தை எடுப்பது

வாசிக்க வசதியாக எஸ்கியூஎல் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டும்போது வழமைபோல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

செலெக்ட் வி.எண், வி.திகதி, வா.பெயர் ஆஸ் வாடிக்கையாளர்பெயர், வா.ஊர்
ஃப்ரொம் விற்பனை வி
ஜொயின் வாடிக்கையாளர் வா ஒன் வா.எண் = வி.வாடிக்கையாளர்எண்
ஓடர் பை வி.திகதி டெஸ்க், வி.எண் டெஸ்க்
லிமிட் 20

ஒரு விற்பனைக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். ஆகவே இந்த ஜொயினால் வரிசைகள் பெருகாது. 20 கேட்டால் 20 விற்பனை வரும். ஆஸ் போட்டுப் பெயர் மாற்றியதைக் கவனியுங்கள்: வாடிக்கையாளருக்கும் பெயர் உண்டு, சாமானுக்கும் பெயர் உண்டு. கிளாஸில் உள்ள பெயரும் இங்கே வரும் பெயரும் ஒத்துப்போனால்தான் டாப்பர் நிரப்பும். ஒத்துப்போகாவிட்டால் பிழைச்செய்தி ஒன்றும் காட்டாது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அள்ளும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

கணக்குப் பிழைக்கும் இடம்

இந்தக் குவெரி வேலை செய்தவுடன் எல்லாருக்கும் வரும் எண்ணம், "விற்பனைவரியையும் கொடுப்பனவையும் இதிலேயே ஜொயின் பண்ணி, கூட்டி எடுத்துவிடலாமே" என்பது. இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒரு விற்பனையை எடுப்போம். பனங்கட்டி 3000 ரூபா, ஒடியல் மா 4000, பனாட்டு 1500. மொத்தம் 8500. வாடிக்கையாளர் 2500 ரூபா முற்பணம் கட்டி, பிறகு இன்னொரு 2500 தந்திருக்கிறார். நிலுவை 3500. வரிகளையும் கொடுப்பனவுகளையும் ஒரே குவெரியில் ஜொயின் பண்ணினால் வருவது இது:

பனங்கட்டி 3000 | முதற் கொடுப்பனவு 2500
பனங்கட்டி 3000 | இரண்டாம் கொடுப்பனவு 2500
ஒடியல் மா 4000 | முதற் கொடுப்பனவு 2500
ஒடியல் மா 4000 | இரண்டாம் கொடுப்பனவு 2500
பனாட்டு 1500 | முதற் கொடுப்பனவு 2500
பனாட்டு 1500 | இரண்டாம் கொடுப்பனவு 2500

மூன்று வரி, இரண்டு கொடுப்பனவு, ஆறு வரிசை. எந்த வரிக்கு எந்தக் கொடுப்பனவு என்ற தொடர்பு எங்கேயும் இல்லாதபடியால், தரவுத்தளம் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் சோடி சேர்க்கிறது. இப்போது சம் போட்டால் மொத்தம் 17000, கட்டியது 15000, நிலுவை 2000. கடைக்கு 1500 ரூபா நட்டம். பிழைச்செய்தி ஒன்றும் வராது. 2000 என்பது நம்பக்கூடிய தொகை, யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போட்டால் சரிவரும் என்று பலர் சொல்லுவார்கள். சரிவராது. இரண்டு கொடுப்பனவும் 2500 என்பதால் டிஸ்டிங்க்ட் ஒன்றைத் தூக்கிவிடும். கட்டியது 2500 ஆகும், நிலுவை 6000 ஆகும். கட்டின காசைத் திரும்பக் கேட்டால் அந்த வாடிக்கையாளர் பிறகு கடை வாசலுக்கு வருவாரா? டிஸ்டிங்க்ட் ஒரே தொகையைத்தான் பார்க்கும், இது வேறு கொடுப்பனவு என்பது அதற்குத் தெரியாது.

நான் கடைப்பிடிப்பது: பலவற்றிலிருந்து ஒன்றை நோக்கிப் போகும் ஜொயின்களைத் தாராளமாகப் போடுங்கள். விற்பனையிலிருந்து வாடிக்கையாளர், வரியிலிருந்து சாமான் இரண்டும் அப்படிப்பட்டவை. ஒன்றிலிருந்து பலவாகக் கிளைப்பவை இரண்டு இருந்தால், இரண்டையும் ஒரே ஜொயினில் சேர்க்கவே கூடாது. பட்டியல் வேண்டாம், தொகை மட்டும் போதும் என்றால், ஒவ்வொரு கிளையையும் விற்பனை எண்ணின்படி தனித்தனியே கூட்டிவிட்டு, பிறகு ஜொயின் பண்ணலாம். அப்போது ஒரு விற்பனைக்கு ஒரு வரிசைதான் மிஞ்சும்.

பிள்ளை லிஸ்ட்டுகளை எடுத்துப் பொருத்துவது

எங்களுக்குப் பட்டியலும் வேண்டும். முதற் குவெரியில் வந்த 20 விற்பனை எண்களையும் ஒரு லிஸ்ட்டாக எடுங்கள். பல குவெரிகளை ஒரே தடவையில் அனுப்பும் டாப்பரின் குவெரிமல்டிப்பிளுக்கு இரண்டு குவெரிகளை அரைப்புள்ளி போட்டு ஒன்றாகக் கொடுங்கள்: ஒன்று சாமானோடு ஜொயின் பண்ணிய விற்பனைவரி, மற்றது கொடுப்பனவு. இரண்டிலும் விற்பனைஎண் அந்த லிஸ்ட்டுக்குள் இருக்கவேண்டும் என்று இன் நிபந்தனை. இன்னுக்குப் பிறகு அடைப்புக்குறி போடாதீர்கள். பராமீட்டரின் பெயரை மட்டும் எழுதினால் டாப்பரே விரித்து எழுதும்.

விடைகளைக் குவெரி எழுதிய அதே ஒழுங்கில் ரீட் பண்ணுங்கள். வந்த ஒவ்வொரு லிஸ்ட்டையும் விற்பனைஎண்ணை வைத்து டூலுக்அப் போடுங்கள் (ஒரே எண்ணுக்கு உரியவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்துத் தரும் சி ஷார்ப் வசதி அது). பிறகு ஒரே லூப்பில் ஒவ்வொரு விற்பனைப்பார்வைக்கும் அதன் வரிகளையும் கொடுப்பனவுகளையும் கொடுத்துவிடலாம். டிக்‌ஷனரியை விட டூலுக்அப்பை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு: இன்னும் ஒரு சதமும் கட்டாத விற்பனைக்கு அது வெறும் பட்டியலைத் தரும். டிக்‌ஷனரி என்றால் சாவி இல்லையென்று அந்த இடத்திலேயே நிரல் விழும்.

மூன்று குவெரியையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி வழமையாக ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் இருப்பதால், நடுவில் யாரும் கொடுப்பனவு பதிந்தாலும் மூன்று குவெரியும் ஒரே நேரத்துத் தரவைத்தான் பார்க்கும்.

எண்டிட்டி ஃபிரேம்வேர்க் கோர் (எஸ்கியூஎல்லைத் தானே எழுதிக்கொள்ளும் சி ஷார்ப் நூலகம்) பாவிக்கிறவர்களுக்கு: இரண்டு லிஸ்ட்டுக்கு இன்க்ளூட் போட்டால் 3.0 பதிப்பிலிருந்து அதுவும் ஒரே பெரிய ஜொயினாகத்தான் போகும். ஒப்ஜெக்ட் சரியாகக் கிடைக்கும், ஆனால் வரிசைகள் பெருகி வேகம் விழும். 5.0 இல் வந்த ஆஸ்ஸ்ப்ளிட்குவெரி அதைத் தனித்தனிக் குவெரிகளாகப் பிரிக்கும். நான் இப்படியான பார்வைகளுக்கு டாப்பரோடு நிற்கிறேன், என்ன எஸ்கியூஎல் ஓடுகிறது என்பது கண்ணுக்கு முன்னால் இருப்பதால்.

பின்சேர்க்கை

வாடிக்கையாளர் பெயர் கேள்விக்குறிகளாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ஜொயின் பிரச்சினை இல்லை. மைஎஸ்கியூஎல் 5.7 வரை எழுத்துத்தொகுதி வழமையாகத் தமிழ் எழுத்துகள் இல்லாத லற்றின்1, 8.0 இலிருந்துதான் தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4. அட்டவணையை யுடிஎஃப்8எம்பி4 இற்கு மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயர்கள் திரும்பி வரா, அவற்றைக் கையால்தான் திரும்பப் பதியவேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற மற்றத் தரவுத்தளத்தில் இன் நிபந்தனை விழுகிறது என்று இன்னொருவர் எழுதினார். அங்கே டாப்பர் லிஸ்ட்டை விரிக்காது, அரேயாகவே அனுப்பும். ஆகவே இன்னுக்குப் பதிலாகச் சமன் குறியும் எனியும் போட்டு, பராமீட்டரை எனியின் அடைப்புக்குள் வையுங்கள். கையோடு விற்பனைவரி, கொடுப்பனவு இரண்டிலும் விற்பனைஎண்ணுக்கு இன்டெக்ஸ் உண்டா என்றும் பாருங்கள். இன்னோடிபி அந்நியச் சாவிக்குத் தானே இன்டெக்ஸ் போட்டுவிடும், போஸ்ட்கிரெஸில் நாங்கள்தான் போடவேண்டும்.